முன் சீட்டு மூட்டை

அசையாமல் படுத்திரு என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரர் ஜீப்புக்கு அடியில் நுழைந்ததும் திலகவதிக்கு முதுகு அரிக்க ஆரம்பித்தது. சொல்லாமல் இருந்திருந்தால் அரித்திருக்காது. கைக்குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு மெல்ல எழும்போதுதான் தும்மல் வரும், இழவு வீட்டில்தான் சிரிப்பு வரும், இந்த உடம்புக்கு அப்படி ஒரு குசும்பு. மல்லாந்து கிடந்தாள். கை நீட்டினால் தொடும் உயரத்தில் ஜீப்பின் கூரை, அதற்கு மேல் மடித்துக் கட்டிய கூடாரம், அதற்கும் மேல் கொட்டகைத் தகரம், தகரத்துக்கு மேல் பொள்ளாச்சியின் பிற்பகல் வெயில், எல்லாம் சேர்ந்து அவளை மெல்ல வேகவைத்துக்கொண்டிருந்தன. பின் சீட்டுகள் இருந்த இடத்தில் அவரே அறுத்து முடுக்கிய ஒட்டுப்பலகை மேடை. அதில் தண்ணீர் டேங்க் வரவேண்டிய இடத்தில்தான் இப்போது அவள் இருந்தாள். பயணம் போகும்போது வண்டியில் என்ன சுமை இருக்குமோ அத்தனையும் ஏற்றி வைத்து, சக்கரம் நான்கும் தரையில் ஊன்றி நிற்கும்போதுதான் ஸ்பிரிங் பட்டைகளின் போல்ட்டை இறுக்க வேண்டுமாம், காலி வண்டியில் இறுக்கினால் பாதி வழியில் ரப்பர் கிழிந்துவிடுமாம். டூல்ஸ் பெட்டி ஏறிவிட்டது, சின்ன கேஸ் சிலிண்டர் ஏறிவிட்டது, கூடாரம் ஏறிவிட்டது. "தண்ணி டேங்கு இன்னும் வல்ல, அம்மிணி. ரொம்பினா அறுவத்திரண்டு கிலோ வரும். நீயும் அறுவத்திரண்டுதான? சித்த நேரம் ஏறிப் படுத்துக்கோ" என்றார் சோறு தின்ற கை காய்வதற்குள். போன மாதம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது நர்ஸ் சொன்னதை அவர் காதில் போட்டு வைத்திருக்கிறார் என்பதே அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. கல்யாண நாளை மறப்பார், அவளுக்கு எந்தப் பல்லில் வலி என்பதை மறப்பார், எடையை மறக்கவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். ஏறிப் படுத்த பிறகுதான் அந்த மூட்டையைப் பார்த்தாள்.

மூட்டை முன் சீட்டில் உட்கார்ந்திருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில். சிமெண்டுச் சாக்கில் மணலைக் கொட்டி வாயைக் கட்டி, விழுந்துவிடாமல் சீட் பெல்ட் போட்டு வைத்திருந்தார். பின்னால் படுத்துக்கொண்டு பார்த்தால் கட்டிய வாய் தலை மாதிரியும் அதற்குக் கீழே தோள் மாதிரியும் தெரிந்தது, கோயில் கூட்டத்தில் முன்னால் மறைத்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி. யாரது? இந்தக் கேள்வி வந்ததும் முதுகு அரிப்பு எங்கோ போய்விட்டது. தண்ணீருக்குப் பதில் நான், எனக்குப் பதில் மூட்டையா? அப்படியும் இருக்கலாம். பின்னால் மூட்டையைப் போட்டால் சரிந்து உருளும், ஆள் என்றால் பிடித்துக்கொண்டு கிடப்பாள், அதனால் அவளைத் தண்ணீராக்கிவிட்டு அவளை மூட்டையாக்கி முன்னால் வைத்திருக்கலாம். அவர் மூளை அப்படி ஓடக்கூடியதுதான். தேங்காய்நார் மில்களுக்கு மெஷின் ரிப்பேர் பார்த்தே தலை நரைத்த மனுஷன், எது எந்த இடத்தில் நின்றால் ஆடாது என்று பார்ப்பாரே தவிர, அது பெண்டாட்டியா மணலா என்று பார்க்க மாட்டார். அந்த மூட்டை நானாக இருக்கலாம். இருக்கலாம். ஆனால் என்னை விடக் கொஞ்சம் பருமனாக இருக்கிறதே. மணல் என்றால் கொஞ்சமாகப் போட்டாலே கனக்கும், அறுபத்திரண்டு கிலோவுக்கு இத்தனை உயரம் வருமா? அவள் தலையைத் தூக்கிப் பார்க்கப் போனாள். "அசையாத" என்றது கீழேயிருந்து குரல், பலகையைத் துளைத்துக்கொண்டு, அவள் இடுப்புக்குக் கீழே எங்கிருந்தோ. தலையை வைத்துவிட்டாள்.

கல்யாணமான நாளாக அவள் முன் சீட்டில் உட்கார்ந்ததில்லை. யாரும் உட்காராதே என்று சொன்னதில்லை, அதுதான் வேடிக்கை. வீட்டுக் காரில் முதலில் மாமனார் இருந்தார், அவர் இருக்கும்வரை அந்த சீட்டு அவருடையது. அவருக்குப் பிறகு மகன், பின்னால் உட்கார்ந்தால் அவனுக்கு வாந்தி வரும். மகன் சென்னைக்கு வேலைக்குப் போன பிறகு மருமகன் வந்தார், மருமகனைப் பின்னால் உட்காரச் சொல்ல முடியுமா. திலகவதி எப்போதும் பின்னால், நடுவில், கால் இரண்டுக்கும் நடுவே சோற்றுக்கூடை, மடியில் புளிசாதத் தூக்கு, கையில் எலுமிச்சம்பழம். பழனியைப் பார்த்திருக்கிறாள், வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்திருக்கிறாள், ராமேஸ்வரத்துப் பாலத்தைக்கூடப் பார்த்திருக்கிறாள், எல்லாம் யாரோ ஒருவருடைய பிடரிக்கு இரண்டு பக்கமும் தெரிந்தவரைக்கும். ஊர்களை அவளுக்கு அப்படித்தான் தெரியும். கடல் என்றால் மாமனாரின் காதுக்கு வலப்பக்கம் நீலமாகக் கொஞ்சம். வால்பாறை மேகம் என்றால் மகன் தலையில் வைத்த எண்ணெய் வாசனை. பாதை எப்படி நேரே வந்து நம் மடியில் ஏறுகிறது என்பதை அவள் பார்த்ததே இல்லை. அப்படித்தான் வருமாம், முன்னால் உட்கார்ந்தால் ரோடு நம்மைப் பார்த்து ஓடிவருமாம், மகள் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் போனால் பெண்கள் சீட்டு, அங்கேயும் முன்னால் இஞ்சின் பெட்டி மேல் யாராவது உட்கார்ந்து மறைத்துக்கொள்வார்கள். இப்போது கார் விற்றாயிற்று, பிள்ளைகள் அவரவர் வீட்டில், மாமனார் படத்தில். எஸ்டேட்டில் ஏலம் விட்ட இந்த ஜீப்பு வாசலில் வந்து நின்ற அன்றைக்கு அவளுக்கு முதலில் தோன்றியது, இதற்கு முன் சீட்டில் உட்கார இனி வீட்டில் ஆள் இல்லை என்பதுதான். அதை யோசித்துவிட்டு, சீ, என்ன நினைப்பு, மாமனார் இல்லாததற்குச் சந்தோஷப்படுகிற மாதிரி, என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டாலும் நினைப்பு நினைப்புதான்.

வீட்டுக்குள் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. உளுந்து. சத்தத்தை வைத்தே பதம் சொல்லிவிடுவாள், இன்னும் கல் கடகடத்துக்கொண்டிருந்தது, மாவு பொங்கி மேலே வந்ததும் சத்தம் மெத்தென்று ஆகும், அப்போது நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் சூடேறி இட்லி கல்லாகும். இன்னும் நேரம் இருக்கிறது. அவர் அந்த ஒரு தடவை அவளைக் கேட்டதும் இப்படி வேலை நடுவில்தான். உளுந்து ஆட்டிய நாளில்லை, அன்றைக்கு ரசம். ஜீப்பு வந்து கொஞ்ச நாளில், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே போனைக் காட்டினார். ஒரே வெள்ளை. கட்ச்சு, குஜராத்துப் பக்கம், உப்புத்தரை என்றார். உப்பா, இத்தனையுமா என்று கேட்டாள். கண்ணுக்கெட்டின வரைக்கும் உப்பு, வானம் அந்த உப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. கை தவறி உப்பைக் கொட்டினால் வீட்டில் சண்டை வரும் என்று பொறுக்கி எடுக்கிறவள் அவள், அங்கே பூமி முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது, ஒருவரும் பொறுக்கவில்லை, ஒருவரும் சண்டை போடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்தால் எப்படி இருக்கும், காலில் வெடிப்பு இருந்தால் எரியுமோ. இந்த ஜீப்பைச் சரிபண்ணி அங்கே போகப் போகிறேன், வழியெல்லாம் கூடாரம் போட்டுத் தங்கி, என்றார். பிறகு, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நீயும் வாரியா?" என்றார். அவள் கையில் கரண்டி. வாயில் பதில் தயாராக இருந்தது, அம்மா வயிற்றில் இருக்கும்போதே கற்றுக்கொண்ட பதில். "எனக்கெதுக்குங்க, அந்த வெயில்லயும் புழுதியிலயும். நீங்க போய்ட்டு வாங்க." அவர் "சரி" என்றார். "ரசம் ஊத்து" என்றார். ரசம் ஊற்றினாள்.

சரி. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் இவ்வளவு காலம் ஓட்டிவிட்டாள். சரி என்றால் என்ன? ஒரு வீட்டுக்குப் போகிறோம், சாப்பிடுங்க என்கிறார்கள், இப்பத்தானுங்க சாப்பிட்டோம் என்கிறோம், அதெல்லாம் கிடையாது உக்காருங்க என்கிறார்கள், வேண்டாமுங்க என்கிறோம், இலை போட்டாச்சு என்கிறார்கள், உட்கார்கிறோம். இது ஊர் வழக்கம். முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது வேண்டாம் மானத்துக்கு, மூன்றாவது தடவைதான் பசிக்கு. முதல் வேண்டாமிலேயே சரி என்று இலையைச் சுருட்டி வைக்கிற வீட்டை இந்தப் பக்கத்தில் யாராவது பார்த்ததுண்டா? அவருடைய சிநேகிதர் மயில்சாமி இருக்கிறாரே, தேங்காய் மண்டிக்காரர், வாரத்துக்கு ஒரு தரம் வருவார், "வேண்டாந் தங்கச்சி, வயிறு கம்முனு கெடக்குது" என்று சொல்லிக்கொண்டேதான் உட்காருவார், ஆறேழு இட்லி உள்ளே போன பிறகும் அதையே சொல்வார். அவர் வேண்டாத்துக்கு இருக்கிற மதிப்புகூட என் வேண்டாத்துக்கு இல்லையா, இல்லை, தப்பாகச் சொல்கிறேன், என் வேண்டாத்துக்குத்தான் இவர் ரொம்ப மதிப்புக் கொடுத்துவிட்டார். அதுதான் வினை. நட்டு போல்ட்டோடு வாழ்கிற மனுஷன், இடப்பக்கம் திருகினால் கழலும் வலப்பக்கம் திருகினால் இறுகும், வேண்டாம் என்றால் வேண்டாம். இன்னொரு தடவை கேட்பார் என்று அவள் மறுநாள் காத்திருந்தாள். அதற்கான பதிலைக்கூட யோசித்து வைத்திருந்தாள், வீட்டைப் பூட்டிப்போட்டு எப்படீங்க வாரது என்று கொஞ்சம் இழுத்து, பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்ல, சரி பாக்கலாம் என்று முடிக்கலாம். ஆடி போயிற்று, ஐப்பசி போயிற்று, ஒரு பொங்கல் போய் இன்னொரு பொங்கல் வந்துகொண்டிருக்கிறது. ஜீப்பு மட்டும் உயர்ந்துகொண்டே போனது. சக்கரம் பெரிசாயிற்று, முன்னால் இழுக்கிற கம்பிவடம் வந்தது, ஆற்றில் இறங்கினாலும் இஞ்சின் மூச்சுவிட ஒரு குழாய் கூரை வரைக்கும் ஏறியது. ஒவ்வொன்று வரும்போதும் அவள் காப்பி கொண்டுபோய் நின்றாள். இப்போது கேட்பார் என்று நின்றாள். இது எதுக்குங்க, அது எதுக்குங்க என்று அவள்தான் கேட்டாள், அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நானே வாரேன் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றால், முடியவில்லை. கேட்காத வீட்டில் தானாக இலை போட்டுக்கொண்டு எப்படி உட்காருவது.

ஒரு வேளை கேட்க வேண்டியதே இல்லை என்று நினைத்துவிட்டாரோ? பின்கதவுப் பக்கம் ஒரு இழுப்பறை இருக்கிறது, இழுத்தால் அடுப்பு, அதற்குக் கீழே ஒரு குழி. அந்தக் குழிக்கு ஆழம் எவ்வளவு வேண்டும் என்று வீட்டுக்குள் வந்து கேட்டார். சின்னக் குக்கர் வைக்கிறதாக இருந்தால் இவ்வளவு என்று அவள் சாண் வைத்துக் காட்டினாள், அஞ்சறைப்பெட்டி பக்கத்தில் படுக்கும்படி செய்யுங்க என்றாள், செய்தார். குக்கர் யாருக்கு? துணைக்கு வேறு யாரையாவது கூப்பிட்டால் மயில்சாமியைத்தான் கூப்பிடுவார், மயில்சாமிக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. அப்படியானால் எனக்குத்தான். ஆனால் இந்த ஆறு மாதமாக அவர் சமையலறை வாசலில் வந்து நிற்கிறாரே, அரிசிக்கு எத்தனை தண்ணி, பருப்புக்கு எத்தனை சத்தம் என்று கேட்கிறாரே, வயதான காலத்தில் பிரியம் வந்துவிட்டது என்று அவள் உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தாளே, அது பிரியமா, இல்லை நான் இல்லாமல் இருந்து பழகுகிறாரா? கூடாரத்துக்கு ஏறுகிற ஏணியில் நடுவில் ஒரு படி அதிகமாக வைத்தார். முட்டி வலிக்கிறவங்களுக்கு ஆவும் என்றார். என் முட்டியா? மயில்சாமிக்கும் முட்டி வலி உண்டு, ஊருக்கே தெரியும், மூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டுதான் மண்டியில் உட்கார்ந்திருப்பார். கூடாரத்தில் இரண்டு தலையணை. ஒன்று அவருக்கு. இப்படியே இரண்டு பக்கமும் போய் இடித்துக்கொண்டு நினைப்பு திரும்பி வந்து அந்த மூட்டையிலேயே நின்றது. மூட்டை அசையாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு அமைதி.

பலகைக்கு அடியில் டங்கென்று ஸ்பேனர் இடித்தது, அந்த அதிர்வு அவள் தோள்பட்டையில் ஏறியது. அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பலகையும் கொஞ்சம் இரும்பும்தான். சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கருங்கல் வைத்திருக்கிறார், அவளே கண்ணால் பார்த்தாள், ஜாக்கி கூடக் கிடையாது, தரையில்தான் நிற்கிறது, இருந்தாலும் இத்தனை இரும்பையும் பார்த்துக்கொண்டு கீழே ஒரு மனுஷன் மல்லாந்து கிடக்கிறார். அவரும் மல்லாந்து, நானும் மல்லாந்து. மூச்சை உள்ளே இழுத்தால் வண்டி இறங்குமோ, விட்டால் ஏறுமோ, இல்லை இரண்டும் ஒன்றுதானோ. அவள் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். போன மழைக்கு ஆழியாறு பக்கம் ஒரு வண்டி புரண்டதாகப் பேப்பரில் வந்தது, அதை எடுத்து மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள், அவர் கண்ணில் பட வேண்டாம் என்று. இவர் அங்கே போய், அந்த உப்புக்கு நடுவில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால்? இங்கே கிரைண்டருக்குப் பக்கத்தில் போன் அடிக்கும், எடுத்தால் மயில்சாமி குரல், தங்கச்சி என்பார், அதற்கு மேல் சொல்ல மாட்டார். அவள் அதைப் பல தடவை கேட்டுவிட்டாள், வராத அந்தப் போனை. பயம் ஒரு பக்கம் என்றால் அதற்குள்ளேயே இன்னொன்று இருந்தது, சொன்னால் வெட்கம். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமே என்கிறதைவிட, அந்த உப்பை அவர் நான் இல்லாமல் பார்த்துவிட்டு வந்துவிடுவாரே என்பதுதான் பெரிதாக இருந்தது. பத்திரமாகத் திரும்பி வருவார். கறுத்துப்போய், சந்தோஷமாக. படம் காட்டுவார். இங்கதான் டீ வெச்சோம், இங்கதான் படுத்தோம் என்பார். ஓ, அப்படீங்களா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆமாமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் குழம்புக்கு உப்புப் போட வேண்டும்.

"ஏனுங்க" என்றாள், கூரையைப் பார்த்துக்கொண்டே.

"ம்."

"முன்னால ஒரு மூட்டை இருக்குதே, என்னதுங்க?"

"மணலு."

"மணலுன்னு தெரியுதுங்க. யாருக்குன்னு கேட்டேன்."

ஸ்பேனர் இரண்டு சுற்றுச் சுற்றியது. "மயிலுக்கு. அவன் எடைக்குப் போட்டிருக்கறேன். பொங்கல் கழிச்சுக் கெளம்பலாம்னு சொல்லியிருக்கறான். அசையாத, இன்னும் ஒரு போல்ட்டுத்தான்."

"நான் அசையலீங்க" என்றாள் திலகவதி.

அசையவில்லைதான். உடம்புக்குள் என்னவோ கழன்று கீழே போன மாதிரி இருந்தது, அது பலகையைக்கூட அசைக்கவில்லை. மயில்சாமி. சரிதான், மயில்சாமியின் தோள்தான் அது, பின்னாலிருந்து பார்த்தே தெரிந்திருக்க வேண்டும், எத்தனை தடவை பந்தியில் அந்த முதுகுக்குப் பின்னால் நின்று சாம்பார் ஊற்றியிருக்கிறாள். குக்கர் அவருக்கு, அதிகப்படி ஒரு படி அவருக்கு, இரண்டாவது தலையணை அவருக்கு. அந்தத் தலையணைக்கு உறை தைத்தவள் இவள், பச்சைப் பூப்போட்டது. நல்ல மனுஷன், அவர் மேல் என்ன தப்பு, இவர் கூப்பிட்டிருப்பார், அவர் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார், வயிறு கம்மென்று கிடக்கிறது என்று சொல்கிற மாதிரியே, இவர் இரண்டாம் தடவை கேட்டிருப்பார். கேட்டிருப்பார். அதுதான் தாங்க முடியவில்லை. மயில்சாமியிடம் இரண்டாம் தடவை கேட்டிருப்பார். நான் யார், தண்ணீர். டேங்க் வரும்வரைக்கும் தண்ணீர். வந்ததும் என்னை இறக்கிவிட்டு அந்த இடத்தில் அதை வைத்து முடுக்கிவிடுவார்கள், அதிலிருந்து குழாய் திறந்து கை கழுவுவார்கள், பல் விளக்குவார்கள். அழுகை வருகிறதா என்று பார்த்தாள், வரவில்லை, கோபம்தான் வந்தது, கோபம் கூட இல்லை, ஆசை. வெட்கம் கெட்ட ஆசை. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வயதில் தேர் பார்க்கப் போகவேண்டும் என்று தரையில் புரண்டு அழுதாளே, அந்த மாதிரி. அவளுக்கு அந்த உப்பில் நடக்க வேண்டும். வெறுங்காலோடு நடக்க வேண்டும், எரிந்தால் எரியட்டும். விடியும்போது ஒரு ஊர் பேர் தெரியாத இடத்தில் அடுப்புப் பற்ற வைத்து இவருக்கு டீ போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லை, இவர் போட்டுக் கொடுக்க நான் குடிக்க வேண்டும், தண்ணி எத்தனை, தூள் எத்தனை என்று கற்றுக்கொண்டாரே, போடட்டும். ரோடு வந்து மடியில் ஏற வேண்டும். உள்ளே கிரைண்டர் சத்தம் மெத்தென்று ஆகத் தொடங்கியிருந்தது. இறங்கிப் போய் நிறுத்த வேண்டும். மாவை வழிக்க வேண்டும், உப்புப் போட்டுக் கரைக்க வேண்டும், நாளைக்கு மயில்சாமி இட்லி தின்ன வருவார்.

"முடிஞ்சுது" என்று குரல் கேட்டது. பின் சக்கரத்துப் பக்கமாக அவர் வெளியே வந்தார், முதலில் கால், பிறகு வேட்டி, பிறகு தும்பு தூசியோடு தலை. டேப்பை எடுத்துக்கொண்டு பின் சக்கரத்துக்கு முன்னால் குந்தினார். "அப்படியே இரு. சக்கரத்துக்கும் மேல் தகரத்துக்கும் எத்தனைன்னு அளந்துக்கறேன்."

அவள் இருக்கவில்லை. பின்கதவு வழியாகக் காலைத் தொங்கவிட்டு இறங்கினாள். வண்டி பின்பக்கம் கொஞ்சம் எழும்பியது. "ஏம்மிணி, அளக்கறதுக்குள்ள எறங்கிட்டே" என்று அவர் டேப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். திலகவதி சுற்றி நடந்து முன்கதவைத் திறந்தாள். மூட்டை அவளைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. பெல்ட்டை எப்படிக் கழற்றுவது என்று தெரியவில்லை, சிவப்பாக ஒன்று இருந்தது, அதை அமுக்கினாள், கழன்றது. மன்னிச்சுக்குங்கண்ணா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு உள்பக்கமாகக் கையைவிட்டு, இரண்டு கையாலும், மாட்டுக்குத் தீவன மூட்டையை வண்டியிலிருந்து தள்ளிப் பழகிய கை, வெளியே தள்ளினாள். மூட்டை ஒரு கணம் யோசித்தது. பிறகு தொப்பென்று தரையில் விழுந்து, தையல் விட்டு, மணல் அவள் காலடியில் கொட்டியது. அதைத் தாண்டிக் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள். சீட்டு சுட்டது. மயில்சாமியின் காலுக்காகப் பின்னால் தள்ளி வைத்திருந்த சீட்டை, கீழே தடவிப் பார்த்து ஒரு கம்பியைத் தூக்கி, முன்னால் இழுத்துக்கொண்டாள். பெல்ட்டையும் போட்டாள். அவளுக்கு அது ரொம்ப நீளமாக இருந்தது.

"இப்ப அளங்க" என்றாள்.

அவர் எழுந்து வந்து கதவோரம் நின்றார். மணலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கையில் டேப் தானாக உள்ளே சுருட்டிக்கொண்டது.

"மயிலு..." என்றார்.

"அவருக்கென்னங்க. பருப்புல ஒரு கல்லு உப்பு கம்மின்னாலும் கண்டுபிடிச்சுருவாரு. உப்பப் பாக்கறதுக்கு அத்தன தூரம் போகோணுமா."

அவர் சிரிக்கவில்லை. வெகுநேரம் ஒரு போல்ட்டு ஏன் சேரவில்லை என்று பார்க்கிற முகத்தோடு நின்றார். "அன்னிக்குக் கேட்டப்ப வேண்டாம்னு சொன்னே."

"ஒருக்காத்தான கேட்டீங்க."

அவர் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், கொட்டிய மணலிலேயே குந்தினார். அவர் தலை மறைந்துவிட்டது, டேப் இழுபடும் சத்தம் மட்டும் வந்தது. "ரெண்டு விரக்கடை தூக்கலா நிக்குது" என்றார் கீழேயிருந்து. "மயிலு எடைக்குன்னு பட்டை வெச்சது. நீ உக்காந்தா அமுங்காது. ரோட்டுல தூக்கித் தூக்கிப் போடும்."

"அதுக்கு?"

"பட்டை ஒண்ணு கழட்டோணும். இறுக்குனதெல்லாம் மறுபடி பிரிக்கோணும். ரெண்டு நாள் வேலை."

கிரைண்டர் சத்தம் நன்றாக மெத்தென்றாகிவிட்டது. அவள் இறங்கவில்லை. கீழே மணலில் ஸ்பேனரை வைக்கிற சத்தம் கேட்டது, எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, முகம் தெரியாத அந்த இடத்திலிருந்து, "வாரியா, அம்மிணி?" என்றார்.

இவ்வளவு காலம் காத்திருந்த கேள்வி. வந்துவிட்டது. அது வந்த கையோடு அவள் வாயிலும் அந்தப் பழைய பதில் எழுந்து வந்தது, யாரும் கூப்பிடாமலே, நாக்கு நுனிக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கெதுக்குங்க. வீடு, மாடு, வெயில், புழுதி, இந்த வயசில் என்ன ஆட்டம், ஊர் என்ன சொல்லும், எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக நின்றன. சொல்லிவிட்டால் அவர் சரி என்றுவிடுவார். மணலை அள்ளி மூட்டை கட்டிவிடுவார். இனி மூன்றாவது தடவை கிடையாது. "எனக்" என்று வந்தும்விட்டது. பல்லைக் கடித்தாள்.

"எனக்குக் கண்ணாடி எறங்க மாட்டேங்குதுங்க" என்றாள். "இந்தச் சன்னல் கண்ணாடி. காத்து வரோணுமில்ல. இதை மொதல்ல பாருங்க."

அவர் எழுந்தார். முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். சன்னலுக்கு உள்ளே கையை விட்டுக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார், அவர் முழங்கையில் கிரீஸ் வாசனை. "பல்லு தேஞ்சுபோச்சு. மாத்திப்புடலாம்" என்றார். அவர் குரல் என்னவோ போல் இருந்தது.

"உள்ள கிரைண்டர் ஓடுது. போய் நிறுத்திப்போட்டு வாங்க, மாவு சூடாயிரும்."

கையைத் துடைத்துக்கொண்டே அவர் உள்ளே போனார். திலகவதி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். மடியில் கூடை இல்லை, தூக்கு இல்லை. கிரைண்டர் நின்றது. எதிரே, பொங்கலுக்குச் சுண்ணாம்படித்த காம்பவுண்டுச் சுவர் வெயிலில் வெள்ளையாக இருந்தது. நடுவில் யாருடைய பிடரியும் இல்லை.